கைவேலைக் கத்திக்குத் துருத் தடுப்புப் பூச்சு: கடுக்காய்க் கருப்பு முதல் தேன்மெழுகு வரை முழு வழிகாட்டி

கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய கத்தியைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: துரு ஏறாமல் இருக்க இதன் மேல் என்ன பூசலாம்? வேலூர் ஜில்லா பக்கம் கிடைக்கும் கைவேலைக் கத்திகளில் நிறைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி அடித்தவை. கூர் நன்றாக நிற்கும், சாணைக்கு இதமாக வரும், ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். அதற்காக அந்தக் கத்தியை ஒதுக்கிவிட்டுக் கடையில் தொங்கும் எவர்சில்வர் கத்திக்குப் போகத் தேவையில்லை. சரியான பூச்சு கொடுத்தால் இந்த இரும்பு உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லா முறைக்கும் அடிப்படை இதுதான். எவ்வளவு உயர்ந்த பூச்சானாலும் அடியில் இருக்கும் இரும்பு சுத்தமாக இல்லாவிட்டால் நிற்காது. வேலையில் முக்கால் பங்கு பூசுவதற்கு முன்னால் முடிந்துவிடும். அவசரப்பட்டு நேராகப் பூச்சுக்குப் போகிறவர்களுக்குத்தான் ஒரு மாதத்தில் உரிந்து வருகிறது.

என்ன இரும்பு, என்ன வேலை

உங்கள் கத்தி கார்பன் இரும்பா, எவர்சில்வரா என்று தெரியாவிட்டால் காந்தத்தை நம்பாதீர்கள். கத்திக்குப் பயன்படும் எவர்சில்வர் வகைகளில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஓர் ஓரத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். சாம்பல் நிறக் கறை விழுந்திருந்தால் கார்பன் இரும்பு. எவர்சில்வரில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும், அதுவே மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும், அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள பாதி வேலை அதற்குத் தேவைப்படாது. ஸ்பிரிங் பட்டை, பழைய அரம், பேரிங் வளையம் இவற்றில் அடித்த கத்திகளுக்குத்தான் நாம் பேசப்போவது.

அடுத்தது, கத்திக்கு என்ன வேலை. அடுக்களையில் வெங்காயம், கத்தரிக்காய் நறுக்குவது ஒன்று, தோப்பில் முள் வெட்டும் வெட்டுக்கத்தி ஒன்று, ஷோகேஸில் வைக்கும் கத்தி இன்னொன்று. அடுக்களைக் கத்தியில் வாயில் வைத்தால் கெடுதல் தரும் எதையும் பூசக்கூடாது. இந்த ஒரு விதியே கடையில் டப்பாவில் விற்கும் பாதி சரக்கைத் தள்ளிவிடும். வெட்டுக்கத்திக்குப் பெயின்ட் கூடச் சரி. ஷோகேஸ் கத்திக்கு எது அழகோ அது.

கூர்வாய்க்குப் பூச்சு கிடையாது. சாணை பிடிக்கும்போது முதலில் போவது அங்கே இருக்கும் பூச்சுதான், அதனால் எந்த முறையானாலும் உடலும் முதுகும் மட்டுமே நமக்குக் கணக்கு. கூர்வாயை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

பிடி போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்

முடிந்தால் கத்தியைப் பிடி இல்லாமல் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய முறைப்படி, கத்தியின் காம்பை மரப்பிடியின் துளைக்குள் அரக்கு ஊற்றி இறக்குவார்கள். அரக்கு 75, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். கத்தியைக் கொதிநீரில் போட்டாலோ அடுப்புச் சூட்டில் வைத்தாலோ பிடி ஆடிப்போகும், பிறகு வெட்டும்போது கழன்றால் ஆபத்து. ஏற்கெனவே பிடி போட்ட கத்தி என்றால் கொதிக்க வைக்கும் முறைகளை விட்டுவிட்டு, துணியால் தடவும் முறைக்குப் போங்கள். பிடியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, சந்து இருக்கும் இடத்தில் மெழுகை உருக்கி அடைத்துவிடுங்கள், ஏனென்றால் பிடிக்கும் இரும்புக்கும் நடுவே நீர் போனால் துரு வெளியே தெரியாமல் உள்ளே காம்பைத் தின்னும்.

தோய்ச்சல் எந்த நிறத்தில் நின்றது?

பூச்சுக்காகச் சூடு கொடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பழுக்கக் காய்ச்சிய கத்தியைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். அது போட்டபின் மறுபடி மிதமாகச் சூடாக்கி, கடினத்தைக் கொஞ்சம் இறக்கித்தான் கொல்லர் முடிப்பார். அப்போது பளபளப்பான இரும்பின் மேல் நிறம் ஓடும். 200 டிகிரிக்கு வெளிறிய வைக்கோல் நிறம், 240 வாக்கில் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300க்கு நீலம். கத்தி எந்தச் சூட்டில் இறக்கப்பட்டதோ, அதைத் தாண்டி மறுபடி சூடாக்கினால் கூர் நிற்காமல் மடங்கும் இரும்பாகிவிடும். அதை மறுபடி சரிசெய்ய வேண்டுமென்றால் உலைக்குத்தான் போக வேண்டும்.

அதனால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

"அண்ணே, தோய்ச்சல் போட்டு எந்த நிறத்துல நிறுத்துனீங்க?"

"வைக்கோல் கலர் வந்ததும் எடுத்துட்டேன் தம்பி, நீலம் போனா வாய் மடங்கும்."

இப்படிப் பதில் வந்தால் 200 டிகிரிதான் உங்கள் எல்லை. நான் 160ஐத் தாண்டுவதே இல்லை, அடுப்பில் காட்டும் அளவை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானி உள்ளே வைத்துத்தான் பார்ப்பேன்.

கருப்புச் செதிளும் உப்புத்தாளும்

உலையிலிருந்து வந்த கத்தியின் மேல் கருப்பாக ஒரு செதிள் ஒட்டியிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதையே பூச்சாக விட்டுவிடும் ஆட்கள் உண்டு. அது ஒரே சீராக ஒட்டியிருப்பதில்லை, நுண்ணிய வெடிப்புகள் இருக்கும், அந்த வெடிப்புக்குள் ஈரம் இறங்கித் துரு செதிளுக்கு அடியிலேயே பரவும். எடுத்துவிடுவதுதான் நல்லது.

எடுக்க வினிகர் போதும். நீளமான பிளாஸ்டிக் டப்பாவில் கத்தி மூழ்கும் அளவு ஊற்றி, சாயங்காலம் போட்டுக் காலையில் எடுங்கள். செதிள் சேறு மாதிரி இளகியிருக்கும், பழைய பல் தேய்க்கும் பிரஷ் போட்டால் வந்துவிடும். உடனே ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து அதில் முக்கி எடுத்துப் புளிப்பைக் கொல்லுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் அதிலுள்ள குளோரைடு இரும்பின் குழிகளில் தங்கி, என்ன பூசினாலும் உள்ளிருந்து துருவைக் கிளப்பும். தோய்ச்சல் போட்ட கடின இரும்பு வீரியமான ஆசிட்டில் ஹைட்ரஜனை உள்வாங்கி வெடிப்பு விடவும் கூடும்.

பிறகு உப்புத்தாள். 120 நம்பர் தாளில் தொடங்கி, 220, அப்புறம் 400. ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுக்க மறைந்தபிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். கத்தியின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் கோடுகள் ஒரே போக்கில் அமையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். மட்டமான மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள், விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். எவ்வளவு வழவழப்போ அவ்வளவு துரு குறையும், ஈரம் தங்க இடமில்லாமல் போவதால். ஆனால் பெயின்ட், எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின்) மாதிரிப் படலம் போடுவதாக இருந்தால் 220லேயே நிறுத்திவிடுங்கள், அதற்குப் பிடிப்பு வேண்டும். கடுக்காய்க்கும் எண்ணெய்க்கும் 400 சரியான இடம்.

தண்ணீர்தான் பரீட்சை

இனிமேல் வெறும் கையால் கத்தியைத் தொடக்கூடாது. விரல் ரேகையில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன, சில நாள் கழித்து உங்கள் ரேகையே துருவில் அச்சடித்தாற்போல் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மெல்லிய கையுறை போதும்.

பாத்திர சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, அசிட்டோனோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராதவரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிறகு கத்தியைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடித் தகடு மாதிரி ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். எங்காவது பிரிந்து முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத கத்திக்கு அடுத்த படிக்குப் போகவே கூடாது.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம், அதிலும் நம் பக்கம். பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரை பல ஊர்களில் போர் தண்ணீரில் உப்பு கூடுதல். டேனரி என்னும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பானது நாடறிந்த விஷயம். இரும்புக்கு அதில் உள்ள குளோரைடுதான் எதிரி. கடைசியாக அலசவும் கொதிக்க வைக்கவும் ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ எடுங்கள். ஒரு கேன் தண்ணீர் செலவைப் பார்த்து இங்கே கைவிட்டால் மொத்த வேலையும் வீண்.

கடுக்காய்க் கருப்பு

எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஜவ்வாது மலையில் விளையும் கடுக்காய் நம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். பட்டைபோட்டுத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தலைமுறைகளாகப் புழங்கியவை. அந்த வேலை தெரிந்தவர்கள் ஈரத்தோலின் பக்கத்தில் இரும்பைக் கொண்டுவரவே விடமாட்டார்கள், தொட்ட இடம் கறுத்துவிடும் என்பதால். தோலுக்கு ஆகாத அந்தக் கறைதான் நமக்கு வேண்டியது. கடுக்காயில் உள்ள டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து, கரையாத நீலக்கருப்புப் படலமாக மாறுகிறது. ஆவாரம்பட்டைச் சாற்றிலும் வரும், ஆனால் அதன் டேனின் வேறு வகை, கருப்பில் பச்சை ஓடும். எனக்குக் கடுக்காய் தரும் நிறமே பிடிக்கும்.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 100 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் அரைமணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியிலோ அலுமினியத்திலோ செய்யக்கூடாது, எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம்தான். சாறு தேன்பழுப்பில் இருக்கும், நாக்கில் வைத்தால் வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. துவர்ப்பு குறைவாகத் தெரிந்தால் கடுக்காய் பழசு, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கத்தியை நேராக இதில் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முதலில் சுத்தமான வினிகரில் பத்துப் பதினைந்து நிமிடம் முக்குங்கள், பளபளப்பு போய் ஒரே சீரான சாம்பல் நிறம் வரும்வரை. எடுத்து அலசி, காயவிடாமல், கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் கடுக்காய்ச் சாற்றில் இறக்குங்கள். கத்தி பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, பட்ட இடம் வெள்ளையாக நின்றுவிடும். காம்பில் நூல் கட்டித் தொங்கவிடுவது சுலபம்.

இனி பார்க்கப் பார்க்க நிறம் மாறும். முதல் சில நிமிடங்களில் சாம்பலில் லேசாக ஊதா ஏறும், சாறும் மையாகக் கறுக்கத் தொடங்கும். கத்தியின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டும், அவை நின்ற இடத்தில் புள்ளி விழும் என்பதால் அடிக்கடி மயிலிறகோ மெல்லிய பிரஷோ வைத்துத் தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கறுத்துவிடும். வெளியே எடுத்து அலசினால் மேலே மசி மாதிரி ஒரு கரி ஒட்டியிருக்கும், கையில் வரும். பயப்படாதீர்கள், அது போகவேண்டியதுதான். பெயின்ட் கடையில் ஸ்டீல் உல் என்று கேட்டால் தரும் மிக மெல்லிய இரும்பு நாரை, அசிட்டோனில் அலசி அதன் எண்ணெயை எடுத்தபிறகு, அழுத்தாமல் தேயுங்கள். மசி போய் அடியில் கெட்டியான சாம்பல் கருப்பு தெரியும். மறுபடி சாற்றில் இறக்குங்கள். இப்படி இரண்டு மூன்று முறை போனால், தேய்த்தாலும் துணியில் வராத கருப்பு நிற்கும்.

கடைசியாக ஆப்ப சோடா தண்ணீரில் முக்கி அலசி, ஆர்.ஓ. தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்தால் சூட்டிலேயே தண்ணீர் காய்ந்துவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவுங்கள். இந்தக் கருப்பு மட்டும் தனியாகத் துருவைத் தடுத்துவிடாது. அது எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் தளம், எண்ணெய் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்து காக்கும். பிடி போட்ட கத்திக்கு இதே சாற்றைப் பஞ்சில் தோய்த்துத் திரும்பத் திரும்பத் தடவலாம், நேரம் கூடுதலாகும், நிறம் கொஞ்சம் வெளிறும், வேலை செய்யும்.

முதல் சில தடவை வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்கும்போது வெட்டுவாயில் லேசாகக் கறுப்பு தெரியலாம். முள்ளுக்கத்தரியின் சதையிலேயே இரும்போடு சேர்ந்து கறுக்கும் பொருள் இருக்கிறது, அதனால் புதுக் கத்தியில் அது சட்டென்று காட்டும். போகப் போக நின்றுவிடும்.

துருவையே கருப்பாக்கும் முறை

துப்பாக்கிக் குழல்களுக்குப் பழைய காலத்தில் செய்தது. செம்மஞ்சள் துருவை வேண்டுமென்றே மெல்லியதாக வரவழைத்து, கொதிநீரில் போட்டால் அது கருப்பு ஆக்சைடாக மாறும். உழைப்பு அதிகம், ஆனால் கடுக்காயை விடக் கெட்டியான பூச்சு.

தண்ணீர்ச் சோதனையில் தேறிய கத்தியில் வினிகரைப் பஞ்சால் மிக மெல்லியதாக ஒரே போக்கில் தடவுங்கள். வழியக்கூடாது. ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர் டம்ளர் ஒன்றை வைத்து, கத்தியை அதில் படாமல் தொங்கவிட்டு மூடிவையுங்கள். சில மணி நேரத்தில் வெல்வெட் மாதிரிச் சீராகத் துரு படரும். எடுத்து ஆர்.ஓ. தண்ணீரில் 15, 20 நிமிடம் கொதிக்கவிட்டால் கண்ணெதிரே செம்மஞ்சள் கறுப்பாக மாறும். இரும்பு நாரால் மெதுவாகத் தேய்த்து மேலே உள்ள தூளை எடுங்கள். மறுபடி வினிகர், பெட்டி, கொதிநீர், நார். நாலிலிருந்து ஆறு சுற்று போகவேண்டும். நடுவில் எண்ணெய்க்கை பட்டால் அந்த இடத்தில் பிடிக்காது.

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்ட நாட்களில் பெட்டி கூட வேண்டாம், ஒரு ராத்திரி அறையில் தொங்கவிட்டாலே போதும். கத்திரி வெயிலில், 40 டிகிரி தாண்டிக் காற்று காய்ந்து கிடக்கும் வேலூரில், பெட்டியும் வெந்நீரும் இல்லாமல் துரு வரவே வராது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். இதே காரணத்துக்காகத்தான், மற்றப் பூச்சுகளைக் கோடையில் போடுவது நல்லது.

எண்ணெயும் மெழுகும்

எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் காயாது, அப்படியே ஈரமாக இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் பிடிக்காது, அதனால் தினசரித் தடவலுக்கு ஏற்றது. சூரியகாந்தி, நல்லெண்ணெய் இரண்டும் அரைகுறையாகக் காயும், நாளடைவில் பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் முழுதாகக் காய்ந்து கெட்டிப் படலமாகிவிடும், பூச்சுக்கு வேண்டியது அதுதான். பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அடுக்களைக் கத்திக்கு ஆகாது. சாப்பிடும் தரத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெயே வாங்குங்கள்.

பிடி இல்லாத கத்தியைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆளிவிதை எண்ணெயைத் தடவி, பிறகு தப்பாகத் தடவிவிட்டோம், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதுபோல் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைத்தபிறகு மிச்சமிருப்பதே போதும். கொஞ்சம் கூடினாலும் பிசினாக நின்றுவிடும். ஓடிஜி அடுப்பில் 150, 160 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். மூன்று நாலு தடவை செய்தால் பொன்பழுப்பு நிறத்தில் கெட்டியாக நிற்கும். அடுப்பு இல்லாதவர்கள் மெல்லியதாகத் தடவி வெயிலில் வைக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு, கவனமாகப் படியுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். எண்ணெய் காய்வதே வெப்பம் வெளிவிடும் ஒரு வினை, சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. நம் ஊர்க் கோடையில் இன்னும் மோசம். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது வெளியே கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கு, மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் மூன்று பங்கு, எடைக்கு எடை. கொதிநீர்ச் சட்டிக்குள் சின்னக் கிண்ணம் வைத்து உருக்குங்கள், நேராகத் தீயில் வைக்காதீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஆறினால் பாம் மாதிரிக் களிம்பாகிவிடும், டப்பாவில் அடைத்து வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. கத்தியை வெயிலில் கொஞ்சம் சூடாக்கி, இதைத் தடவி, பத்து நிமிடம் விட்டுப் பருத்தித் துணியால் மினுக்கினால் முடிந்தது. இது மற்ற முறைகளுக்கு மாற்றாக அல்லாமல் மேல்பூச்சாகவே உதவும். நேரமில்லாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் வெறும் கத்தியை விட எவ்வளவோ மேல்.

பெயின்ட், பவுடர், மற்றவை

வெட்டுக்கத்தி, அரிவாளுக்கு ரெட் ஆக்சைடு என்னும் அடிப்பூச்சு பெயின்ட் அடித்து மேலே எனாமல் போடலாம், கூர்வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி. படலப் பூச்சு எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: கீறல் விழுந்த இடத்தில் துரு நுழைந்தால் படலத்துக்கு அடியிலேயே பரவும், வெளியே கொப்புளித்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். பொடியைத் தூவிச் சூளையில் உருக்கும் பவுடர் கோட்டிங் கடையில் கொடுப்பதானால் சூளையின் சூட்டைக் கேளுங்கள். வழக்கமாக 180 முதல் 200 டிகிரி, வைக்கோல் நிறத்தில் இறக்கிய கத்திக்கு அது விளிம்பில் நிற்பது. டெஃப்ளான் 350 டிகிரிக்கு மேல் வேகவேண்டும், தோய்ச்சல் போய்விடும், கத்தியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தொழிற்பேட்டைகளில் இரும்பை ரசாயனக் கரைசலில் போட்டுக் கறுக்க வைக்கும் பிளாக்கனிங் நல்ல பூச்சுதான். ஆனால் அது 140 டிகிரி வாக்கில் கொதிக்கும் காஸ்டிக் சோடா, தண்ணீர் பட்டால் சீறி வெடிக்கும். வீட்டில் செய்து பார்க்கும் வேலையே இல்லை, ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்கி, கொதிநீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். சூடில்லாமல் தடவியே இரும்பைக் கறுக்க வைக்கும், பாட்டிலில் வரும் கோல்டு புளூ வகைகளில் பெரும்பாலும் செலினியம் இருக்கும், சாப்பாட்டுக் கத்தியில் அதற்கு வேலையே இல்லை. குரோமியம் முலாம் வீட்டில் போட நினைப்பவர்கள், ராணிப்பேட்டையில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு அந்த மண்ணை என்ன செய்தது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

தோல் உறையில் வைக்காதீர்கள்

நம் பக்கம் தோல் சல்லிசு, ஆம்பூர்த் தோலில் அழகாக ஓர் உறை தைத்துக் கத்தியை அதிலேயே மாதக்கணக்கில் செருகி வைப்பவர்கள் நிறையப் பேர். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பட்டைபோட்ட தோலில் புளிப்பு இருக்கும், குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோலில் உப்பு தங்கியிருக்கும். இரண்டுமே பூச்சை அரிக்கும், டேனின் உள்ள தோல் கத்தியைத் திட்டுத்திட்டாகக் கறுக்கவும் வைக்கும். உறை எடுத்துப்போவதற்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் உருவி, துடைத்து, மெழுகு தொட்டு, காற்றாடும் இடத்தில் மாட்டுங்கள். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் மெழுகு தடவிய பருத்தித் துணியில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். செய்தித்தாளில் சுற்றுவது வேண்டாம், தாள் ஈரம் வாங்கும்.

தினசரிப் பழக்கம் ஒன்றே ஒன்று: புளி, மாங்காய், தக்காளி, எலுமிச்சை எதை வெட்டினாலும் அடுத்த காயை எடுக்கும் முன் ஒருமுறை துடையுங்கள். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு.

புள்ளி விழுந்தால்

வெள்ளைத் துணியில் துளி எண்ணெய் விட்டு அந்த இடத்தைத் தேயுங்கள். செம்பழுப்பு ஒட்டினால் துரு, உடனே கவனிக்க வேண்டும். சாம்பலாகவோ நீலமாகவோ இருந்து துணியில் எதுவும் வராவிட்டால் அது இரும்பு தானே போட்டுக்கொண்ட கறை, இருக்கட்டும், அது கத்திக்கு நல்லது.

துருவாக இருந்தால் எண்ணெய் தொட்ட இரும்பு நாரால் அந்தப் புள்ளியை மட்டும் எடுத்து, அசிட்டோனால் பசை போகத் துடைத்து, வினிகர்ப் பஞ்சை ஐந்து நிமிடம் வைத்து, பிறகு கடுக்காய்ச் சாறு தோய்த்த பஞ்சை அரைமணி நேரம் வைத்து எடுங்கள். சாறு புதிதாகக் காய்ச்ச வேண்டியிருக்கும், பழசு பூஞ்சை பிடித்துவிடும், அதனால் கடுக்காய்த் தூளைக் காய்ந்த டப்பாவில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். ஆப்ப சோடா தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, மெழுகு. பக்கத்து நிறத்தோடு ஒட்டாமல் இருந்தால் இன்னொரு முறை பஞ்சை வையுங்கள், ஓரங்களைச் சற்றுத் தாண்டி வைத்தால் எல்லை தெரியாமல் கலந்துவிடும்.